ஒரு பேஷண்டுக்கு ஒரு கார்டு

மூன்றாவது முடிச்சை இறுக்கும்போது, அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை நழுவிக் கீழே விழுந்தது.

ஃப்ளோரா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க நேரம் ஏது? பதினைந்து நிமிடப் பாடத்தில் நாலு நிமிடம் போய்விட்டது. வலது காலில் எலும்பு முறிந்த ஆளுக்குப் பலகை வைத்துக் கட்ட வேண்டும். கட்டிக்கொண்டே, எதிரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேருக்கும் புரியும்படி பாடம் சொல்ல வேண்டும்.

"முடிச்சு எப்பவும் அடிபடாத கால் பக்கமா வரணும். ஏன்? யாராவது சொல்லுங்க."

"அவுக்கறப்போ அமுத்தினா நோவும்க்கா." முன்வரிசை சுனிதா. அங்கன்வாடி டீச்சர். எதைக் கேட்டாலும் கையில் பதில் வைத்திருப்பவள்.

"கரெக்ட்."

சொல்லிவிட்டுத்தான் திரும்பினாள். பாயில் படுத்திருந்த பர்னபாஸின் இடது கை, உள்ளங்கை மேலாகத் தரையில் கிடந்தது. ஆரம்பித்ததிலிருந்து அவள் மணிக்கட்டை நெரித்துக்கொண்டு 'ஆ... ஊ...' என்று முனகி, அமர்க்களமாக வலியை நடித்துக்கொண்டிருந்த மனுஷன். இப்போது முனகலும் இல்லை.

என்ன வேலை பண்றார் இந்த ஆள்?

நாலடி தள்ளி, கழுத்தில் விசிலும் கையில் ஸ்டாப் வாட்சுமாக நின்றிருந்தார் விநாயக். பெங்களூரிலிருந்து வந்திருக்கும் தேர்வாளர். அட்டையில் கிளிப் போட்ட தாளில் எதையோ எழுதினார். அவர் பேனா அசைந்தால் மார்க் குறைகிறது என்று அர்த்தம்.

ஃப்ளோராவுக்குக் காலையில் குழாயடியில் பார்த்தது ஞாபகம் வந்தது.

எட்டரை மணிக்கு அவள் ஊரிகம் சர்ச் ஹாலுக்குள் நுழைந்தபோது, பின்பக்கக் குழாயடியில் பர்னபாஸ் நின்றிருந்தார். கூடவே ஜெயகரன். இரண்டு பேரும் குரலைத் தாழ்த்திக் காரசாரமாக எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள். பர்னபாஸ் ஒரு பழுப்பு நிறக் கவரைச் சட்டைப் பையில் செருகினார். அவளைப் பார்த்ததும் பேச்சு டக்கென்று நின்றது.

"இன்னா அங்கிள், கவர் எல்லாம் வருது?"

"அதை வுடும்மா. ஒரு பேஷண்டுக்கு ஒரு கார்டு. அதான் ரூல்." பர்னபாஸ் முகம் கடுகடுவென்று இருந்தது.

"இன்னாக்கா, துப்பறியறியா?" ஜெயகரன் சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெயகரன், பர்னபாஸின் அக்கா மகன். அவளைப் போலவே இன்றைக்குத் தேர்வு எழுதுகிற இன்னொருவன். இரண்டு பேரும் முதலுதவிப் பயிற்சி முடித்தவர்கள்தான். ஆனால் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இன்ஸ்ட்ரக்டர் சான்றிதழ் வேண்டும். இந்த ஊர்ப் பயிற்சி மையத்துக்கு ஒரே ஒரு இன்ஸ்ட்ரக்டர்தான். இருவரில் யாருக்கு மார்க் அதிகமோ அவருக்கு வேலை.

ஃப்ளோராவுக்கு அந்த வேலை வந்தால், பதினோரு வருஷமாக விடிவதற்கு முன்னால் எழுந்து மாரிகுப்பம் ரயிலைப் பிடித்து, பெங்களூர் ஃபாக்டரிக்கு நின்றுகொண்டே போவது இந்த வாரத்தோடு முடியும். வராவிட்டால் முடியாது. எப்போதுமே முடியாது. ஏனென்றால் ஆளுக்கு இரண்டு முறைதான் வாய்ப்பு. அவள் ஏற்கெனவே ஒரு முறை தோற்றவள்.

அந்த முறையும் இதே விநாயக்தான். பேஷண்டாகப் படுத்திருந்த காலேஜ் பெண் இருமினாள். ஃப்ளோரா பதறிப்போய் பாடத்தை நிறுத்திவிட்டு அவளைத் தூக்கி உட்காரவைத்தாள். "தொண்டை அரிச்சுது ஆன்ட்டி" என்றது அந்தப் பெண். ஹாலே சிரித்தது. விநாயக் எழுதினார்: 'இல்லாத ஆபத்துக்குப் பாடத்தை நிறுத்தினார்.'

இன்னொரு முறை நிறுத்தினால் கதை முடிந்தது. அது ஜெயகரனுக்கும் தெரியும். அவன் மாமனுக்கும் தெரியும்.

அப்படியானால் அந்தக் கவர்?

"அடுத்த ஸ்டெப், ஃப்ளோரா மேடம்," விநாயக் நினைவூட்டினார். "கிளாஸ் வெயிட்டிங்."

"கணுக்கால்ல எட்டு மாதிரி சுத்தணும், பாருங்க." அவள் இரண்டு பாதங்களையும் சேர்த்துத் துணியைச் சுற்றினாள். சுற்றிக்கொண்டே குனிந்து கிசுகிசுத்தாள். "அங்கிள், இன்னா இது? ஒழுங்கா முனகுங்க."

பேச்சு வராது. அவளுக்கே தெரியும்.

பர்னபாஸுக்குப் பேஷண்டாகப் படுப்பது விளையாட்டு இல்லை. தங்கச் சுரங்கம் ஓடின காலத்தில் நந்திதுர்க் மைன்ஸ் முதலுதவி டீமின் பேஷண்ட் அவர். ஷாஃப்டுக்கு ஷாஃப்ட், சுரங்கத்துக்குச் சுரங்கம் போட்டி நடக்கும். பேஷண்டின் நெஞ்சில் ஒரு கார்டு தொங்கும். அதில் என்ன காயம் எழுதியிருக்கிறதோ அதுதான் அவன் காயம். முனகலாம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினால் டீமுக்கு அஞ்சு மார்க் போச்சு. விசில் ஊதின பிறகுதான் பேச்சு. ஒரு போட்டியில் கட்டெறும்பு காதுக்குள் போனபோதும் பர்னபாஸ் அசையவில்லை என்று ஊரில் இன்னும் சொல்வார்கள். விசில் ஊதினதும் துள்ளி எழுந்து சல்யூட் வைத்து, "பேஷண்ட் ஆல்ரைட் சார்!" என்று கத்திவிட்டுத்தான் காதைக் குடைவாராம்.

இன்றைக்கும் அவர் நெஞ்சில் கார்டு இருந்தது. 'வலது கால், எலும்பு முறிவு.' அவ்வளவுதான்.

காலில் முறிவு என்றால் கை ஏன் தளர வேண்டும்?

அவள் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் வேர்வை. கண் திறந்திருந்தது, ஆனால் பார்வை அவளிடம் நிற்கவில்லை. வாயின் இடது ஓரம், யாரோ நூல் கட்டி இழுத்த மாதிரி கீழே சரிந்திருந்தது.

நடிக்கிறார். கோணல் வாய் வைத்து என்னைக் குழப்பப் பார்க்கிறார். நான் பயந்து நிறுத்த வேண்டும், அடுத்த அரை மணியில் மருமகன் ஜோராகப் பாடம் எடுக்க வேண்டும். குழாயடியில் இதைத்தான் பேசினார்களா?

ஜெயகரன் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். உதட்டில் லேசான சிரிப்பு.

சரி, கட்டு. கட்டி முடி. நிறுத்தாதே.

விரல்கள் துணியை மடித்தன. பாதி முடிச்சில் நின்றன.

நடிப்பாக இல்லாவிட்டால்?

"அங்கிள்," என்றாள், இந்த முறை சத்தமாகவே. "ரெண்டு கையையும் தூக்குங்க."

வலது கை எழுந்தது. இடது கை எழவில்லை.

விநாயக்கின் பேனா அசைந்தது. "மேடம், கார்டுல கால் மட்டும்தான். கன்டின்யூ மாடி, மேல பண்ணுங்க."

"சார், இவருக்கு இன்னாவோ ஆயிடுச்சு."

"ஏனூ இல்லா. ஒண்ணும் ஆகலை." அவர் குரலில் ஒரு பதற்றமும் இல்லை. அதுதான் அவளுக்கு இடித்தது. ஒரு மனுஷன் வாய் கோணிக் கிடக்கிறான், இவர் ஏன் இவ்வளவு நிம்மதியாக நிற்கிறார்? "பாடத்தை விட்டுப் போகாதீங்க. போன தடவை இன்னா ஆச்சு? ஞாபகம் இருக்குதல்ல?"

"சார், விசில் ஊதுங்க. ஊதினா பேசிடுவாரு."

"டைம் ஆகலை. ஊத மாட்டேன்."

ஹாலில் சிலர் சிரித்தார்கள். "பர்னபாஸ் தாத்தா செம ஆக்டிங்," என்றாள் சுனிதா.

நிறுத்தினால் மறுபடி அந்த ரயில்தான். நிறுத்தாவிட்டால்?

ஃப்ளோரா எழுந்தாள். ஒரே எட்டில் விநாயக்கிடம் போனாள். அவர் மார்பில் தொங்கின விசிலை எட்டிப் பிடித்து, அவர் கழுத்து நாடாவோடு சேர்த்து இழுத்து, வாயில் வைத்து ஊதினாள்.

கூரைத் தகரம் அதிர்ந்தது.

பாயில் பர்னபாஸ் அசைந்தார். பழக்கம். வலது கை சல்யூட்டுக்குப் பாதி வரை வந்தது. வாய் திறந்தது.

"பே... ஹ... ழ்ழ... ஆ..."

எச்சில் இடது ஓரமாக வழிந்தது. அவ்வளவுதான்.

ஹால் கொல்லென்று சிரித்தது. யாரோ கை தட்டினார்கள்.

"மேடம்!" விநாயக் நாடாவைச் சரிசெய்தார். காது மடல் சிவந்திருந்தது. "தேர்வாளர் விசிலைப் பிடுங்கறீங்க. இதுக்கு மேல நான் இன்னா சொல்றது? இது நடிப்பு. எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்னு கேக்காதீங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கேக்காதீங்கன்னு சொன்னேன்."

அவள் ஜெயகரன் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. அந்தக் கவர்ல இன்னா எழுதிக் குடுத்தே?"

"நான் எங்க குடுத்தேன்? தோக்கறதுன்னா மரியாதையா தோத்துட்டுப் போக்கா. என் மாமாவை வெச்சி டிராமா பண்ணாதே." ஜெயகரன் பாயருகே வந்து உட்கார்ந்தான். "இந்தா, இப்பவே எழுப்பறேன் பாரு. எங்க மாமாவுக்கு உள்ளங்கால்ல கூச்சம். ஷூ போடறப்பவே நெளிவாரு."

இடது பாதத்தில் விரலால் கோடு இழுத்தான்.

ஒன்றுமில்லை.

நகத்தால் கீறினான். ஒன்றுமில்லை. வலது பாதத்துக்கு மாறினான். தொட்டதும் விரல்கள் சுருண்டன. மறுபடி இடது பாதம். மரக்கட்டை.

அவன் முகத்திலிருந்து சிரிப்பு கழன்றது.

"அக்கா," என்றான். குரல் சின்னதாகிவிட்டது. "மாமா பிபி மாத்திரை நிறுத்தி மூணு நாளாச்சு. தீந்து போச்சி, வாங்கலை. காலைல குழாயடில அதுக்குத்தான் திட்டிகினு இருந்தேன்."

அதற்குள் ஃப்ளோரா மண்டியிட்டிருந்தாள். "சுனிதா, 108 போடு. பக்கவாதம்னு சொல்லு, ஊரிகம் சர்ச் ஹால்னு சொல்லு. ஜெயகரா, இடது பக்கம் கீழ வராம ஒருக்களிச்சுத் திருப்பணும், நீ தோளைப் பிடி. தண்ணி குடுக்காதீங்க! யாரும் ஒண்ணும் வாயில ஊத்தக் கூடாது!"

தம்ளரோடு வந்த கை பின்வாங்கியது.

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. பத்துப் பேரும் எழுந்து நின்று, அவள் கை போகிற இடமெல்லாம் கண்ணால் தொடர்ந்தார்கள்.

ஆம்புலன்ஸ் வர பதினொரு நிமிடம் ஆனது. பர்னபாஸை ஏற்றினதும், ஃப்ளோரா திரும்ப ஓடிவந்து விநாயக்கின் அட்டையிலிருந்த தாளைக் கிளிப்போடு உருவினாள்.

"ஏய்! அது ஆபீஸ் ரெக்கார்டு!"

"டைம் அதுலதான் சார் இருக்குது."

கோலார் ஆஸ்பத்திரியில் இளவயசு டாக்டர் ஒருவர் ஸ்கேன் அறையிலிருந்து வேகமாக வந்தார். "அடைப்புதான். ரத்தக் கசிவு இல்லை. கரைக்கறதுக்கு ஊசி இருக்கு, ஆனா ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். எப்போ ஆரம்பிச்சது? 'சுமாரா'ன்னு சொல்லாதீங்க."

ஃப்ளோரா தாளை நீட்டினாள். மேலே 'ஆரம்பம் 10.40' என்றிருந்தது. கீழே விநாயக்கின் குண்டு எழுத்தில்: '4 நிமிடம் 20 வினாடி. நோயாளியின் பிடி தளர்ந்தது. தேர்வர் கவனிக்கவில்லை. கழிவு 5 மதிப்பெண்.'

டாக்டர் அதைப் படித்தார். அவளைப் பார்த்தார். மறுபடி படித்தார். "இவ்ளோ கரெக்டா யாரும் எனக்குச் சொன்னதில்லைங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.

அவளுக்கு அந்தக் கழிவு அஞ்சு உறுத்தியது. கவனிக்கவில்லைதான். முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையை அவளிடம் கொடுத்தாள். பர்னபாஸின் சட்டை. மூக்குக்கண்ணாடி. பஸ் டிக்கெட் ஒன்று. பழுப்புக் கவர்.

ஃப்ளோரா கவரை எடுத்து முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். மடியில் குப்புறப் போட்டு, மேலே கையை வைத்துக்கொண்டாள்.

பக்கத்து நாற்காலியில் ஜெயகரன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "இன்னும் என் மேல டவுட்டாக்கா?"

"தெரியலை. காலைல நிறைய இருந்துச்சு."

"இப்போ?"

"இப்போ வேற ஆள் மேல இருக்குது."

இரண்டு மணிக்கு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். இடது கை விரல் லேசாக அசைகிறதாம். பேச்சு குழறல்தான், ஆனால் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாராம். "விசில் ஊதியாச்சா, விசில் ஊதியாச்சான்னு கேக்கறார். யாருங்க விசில் ஊதறது?"

ஜெயகரன் அழுதுகொண்டே சிரித்தான்.

அப்போதுதான் வராந்தா முனையில் விநாயக் வந்தார். வேகமாக, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு. வந்து நின்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"அவர் பொருள் எல்லாம் யார்கிட்ட இருக்கு?"

ஃப்ளோராவின் கை கவர் மேல் அழுந்தியது. "எப்படி இருக்கார்னு கேக்கலையே சார்?"

"ஆ... ஹேகிதாரே? எப்படி இருக்கார்?"

"ஊசி போட்டாச்சு. பொழைச்சுக்குவார்."

"சந்தோஷம்." கண் அவள் மடியை விட்டு அகலவில்லை. "மேடம், அந்தக் கவர் என்னோடது. குடுத்துடுங்க."

ஜெயகரன் விருட்டென்று எழுந்தான். "உங்களுதா! இவங்க காலைலேர்ந்து என்னை மொறைச்சிகினு கீறாங்க, நீங்க வாயைத் தொறக்கலை!"

"சொல்லக் கூடாது தம்பி. ரகசிய டெஸ்ட். பாடம் நடக்கறப்போ பேஷண்ட் நிலைமை மாறினா இன்ஸ்ட்ரக்டர் கவனிக்கிறாரா, கவனிச்சா பதறாம இருக்கிறாரா? அதுக்கு ரெண்டாவது கார்டு. 'பாதியில் கையைத் தளர விடவும். அரை மயக்கமாகக் கிடக்கவும். கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டாம்.' காலைல எட்டு மணிக்கு நானே கொடுத்தேன். அப்பவே அவர் மூஞ்சியைத் தூக்கினார். அப்புறம் தனியா படிங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"அதான் நிம்மதியா நின்னீங்களா?"

"நான் எழுதினதைத்தானே அவர் பண்ணார்!" விநாயக்கின் குரல் உயர்ந்தது, உடனே தணிந்தது. நர்ஸ் திரும்பிப் பார்த்திருந்தாள். அவர் குனிந்து, சமாதானம் பேசுகிற மாதிரி சொன்னார். "யோசிங்க மேடம். நாலு நிமிஷம் இருபது வினாடில கை தளர்ந்தது நடிப்பு. என் கார்டுப்படி நடிப்பு. நிஜமான ஸ்ட்ரோக் அப்புறம்தான் வந்திருக்கணும். எப்போன்னு யாருக்குத் தெரியும்? அப்போ நான் எங்கேயும் லேட் பண்ணலை. நீங்களும் எதையும் கண்டுபிடிக்கலை. போன தடவை மாதிரியே இல்லாததுக்கு நிறுத்தினீங்க, அதிர்ஷ்டம், சரியாப் போச்சு. அப்படித்தான் நான் எழுத முடியும்."

"எழுதினா எனக்கு சான்றிதழ் இல்லை."

"இல்லை. ரெண்டு சான்ஸும் முடிஞ்சது."

"நான் பார்த்தது நடிப்பு இல்லை, நிஜம்னா?"

"நிஜம்னா நான் இங்கேயே, இந்த நாற்காலில உக்காந்து கையெழுத்துப் போடறேன். ஆனா நிஜம் இல்லையே. கார்டைப் படிச்சாரு, பண்ணாரு. கவரைக் குடுங்க."

ஜெயகரன் அவளைப் பார்த்தான். அவள் மடியிலிருந்த கவரை எடுத்தாள். அவரிடம் கொடுக்கவில்லை. அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்து, பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

காலை எட்டு மணிக்கு விநாயக் கோந்து போட்டு ஒட்டின மடிப்பு, ஒட்டினது ஒட்டினபடியே இருந்தது. பர்னபாஸ் அதைப் பிரிக்கவே இல்லை.